கைப்பிரதிப் படக்கதைகள்: வாசகர் கேள்வி – பதில்

பழைய முத்து காமிக்ஸ், ராணி காமிக்ஸ் இதழ்களைச் சேர்ப்பது பற்றி முன்பு இந்தப் பகுதியில் வெளியான பதில்களைப் படித்துவிட்டு, சுவிசேஷக் கைப்பிரதிகளாக, அதாவது தெருவில் இலவசமாகக் கொடுக்கப்படும் சிறு அச்சுப் பிரசுரங்களாக வந்த படக்கதைகளைக் குறித்துச் சென்னை வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே பொருளைச் சுற்றிய கேள்விகள் என்பதால், இந்த இதழில் முழுப் பகுதியையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

இரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் தாத்தா காலமான பிறகு, அவருடைய டிரங்குப் பெட்டியில் உள்ளங்கை அளவிலான கறுப்பு வெள்ளைப் படக்கதைகள் ஒரு கட்டு கிடைத்தன. பாதி ஆங்கிலம், பாதி தமிழ். பெரும்பாலானவற்றில் யாராவது ஒருவர் இறந்து நரகத்துக்குப் போகிறார். இவற்றை யார் வரைந்தார்கள், எதற்காக? — வாசகர், பெரம்பூர்

நீங்கள் சொல்லும் அளவையும் கதைப்போக்கையும் வைத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பகுதி ஜாக் சிக் என்ற அமெரிக்கர் கலிபோர்னியாவில் நடத்திய பதிப்பகத்தின் வெளியீடுகளாகவே இருக்க வேண்டும். ஏறத்தாழ 5 அங்குல அகலம், 3 அங்குல உயரம், பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ படம், இரண்டு டஜன் பக்கத்துக்குள் ஒரு முழுக்கதை, முடிவில் மனந்திரும்புவதற்கான ஒரு ஜெபம் என்ற அமைப்பு அவருடைய கைப்பிரதிகளின் அடையாளம். இந்த அமைப்பைப் பிறகு பலர் பின்பற்றினார்கள் என்பதால், கடைசிப் பக்கத்து முகவரியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஜாக் சிக் 1924-ல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் இராணுவத்தில் பணியாற்றித் திரும்பியவர், திருமணமான புதிதில் மனைவியின் பெற்றோர் வீட்டில் ஒரு வானொலிப் பிரசங்கத்தைக் கேட்டு மனந்திரும்பியதாகச் சொல்லியிருக்கிறார். விண்வெளித் தொழில் சார்ந்த ஒரு நிறுவனத்தில் தொழில்நுட்பப் படங்கள் வரைவது அவருடைய வேலை. சீனாவில் கம்யூனிஸ்டுகள் சிறிய படக்கதைப் புத்தகங்களை அச்சிட்டுப் பாமர மக்களிடம் தங்கள் கொள்கையைக் கொண்டு சென்றார்கள் என்று ஓர் ஊழியக்காரர் சொல்லக் கேட்டதும், அதே வழியைச் சுவிசேஷத்துக்குப் பயன்படுத்தினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. வேலை பார்த்த இடத்துக் கடன் சங்கத்தில் 800 டாலர் கடன் வாங்கி, 1960-களின் தொடக்கத்தில் முதல் கைப்பிரதியை அச்சிட்டார். 1964-ல் வந்த ‘திஸ் வாஸ் யுவர் லைஃப்’ அவரை உலகெங்கும் கொண்டு சேர்த்தது. அது தமிழ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் வெளிவந்திருக்கிறது. அவர் 2016 அக்டோபரில், 92-ஆம் வயதில் காலமானார். அதற்குள் கோடிக்கணக்கான பிரதிகள் பல நாடுகளில் கைமாறியிருந்தன.

உங்கள் கட்டில் அந்தக் கைப்பிரதி இருந்தால் அதை நிதானமாகப் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கிற ஒரு மனிதன், தான் யார் என்ற பெருமையோடு நிற்கும்போதே மரணம் வந்து அவனை அழைத்துப் போகிறது. ஒரு தேவதூதன் அவனை மேலே கொண்டு செல்ல, அங்கே பிரம்மாண்டமான சிங்காசனத்தில் முகமே வரையப்படாத ஓர் உருவம் ஒளிமயமாக அமர்ந்திருக்கிறது. அவன் வாழ்க்கை முழுவதும் சினிமாபோல அவன் கண்முன் ஓடுகிறது. ஆலயத்தில் உட்கார்ந்துகொண்டு வேறெதையோ நினைத்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமையும் அதில் வருகிறது. ஜீவபுஸ்தகத்தில் பெயர் இல்லை என்று தெரிந்ததும் அவன் அக்கினிக்கடலில் தள்ளப்படுகிறான். அதோடு கதை முடிவதில்லை. அதே மனிதன் மனந்திரும்பியிருந்தால் அந்தப் படம் எப்படி ஓடியிருக்கும் என்று கடைசிப் பக்கங்கள் காட்டுகின்றன. சித்திரகுப்தன் கணக்கைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நம் ஊர் வாசகருக்கு இந்தக் கதை புரிவதற்குப் பிரசங்கம் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

இவற்றை வாங்குபவர் வேறு, படிப்பவர் வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். விசுவாசிகள் காசு கொடுத்து மொத்தமாக வாங்கி, பஸ் நிலையத்திலும் மின்சார ரயிலிலும் முன்பின் தெரியாதவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பார்கள். ஆகவே கதை கேட்பவனை முதல் இரண்டு பக்கத்துக்குள் பிடித்து நிறுத்த வேண்டும், வாங்கிக் கொடுப்பவருக்கும் இது நம்முடைய செய்திதான் என்ற நிறைவைத் தர வேண்டும். பெரிய எழுத்துச் சிரிப்பும் வியர்வை சொட்டும் முகமும் பல்லைக் காட்டும் பிசாசும் ஏன் அத்தனை அழுத்தமாக வரையப்பட்டிருக்கின்றன என்பதற்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன்.

உங்கள் கட்டில் இரண்டு விதமான ஓவியப் பாணி இருப்பதையும் காண்பீர்கள். கேலிச்சித்திரச் சாயலில் இருப்பவை சிக்கின் கை. உடலமைப்பும் நிழலும் இயல்பாக, தேர்ந்த தூரிகையோடு வந்திருப்பவை ஃப்ரெட் கார்ட்டர் என்ற கறுப்பின ஓவியருடையவை. 1970-களின் தொடக்கத்தில் சேர்ந்த அவர் பல ஆண்டுகள் தம் பெயர் அச்சாகாமலேயே வரைந்தார். படக்கதைக் கலையை நேசிப்பவர்கள் இந்தக் கைப்பிரதிகளைத் தேடுவதற்குக் கார்ட்டரின் கோடுகள் ஒரு முக்கியக் காரணம். அவருக்குச் சேர வேண்டிய புகழ் மிகத் தாமதமாகவே வந்தது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

பிற மதங்களை இழிவுபடுத்தும் இந்தக் காகிதங்களைச் சேர்ப்பதை ஒரு நல்ல பொழுதுபோக்காக நீங்கள் எழுதுவது சரியா? நாங்கள் வழிபடும் தெய்வங்களைப் பிசாசு என்று சொன்ன ஒரு பிரதியை என் மகள் மின்சார ரயிலிலிருந்து கொண்டு வந்தாள். நான் கிழித்துப் போட்டேன். — வாசகி, மயிலாப்பூர்

உங்கள் கோபம் நியாயமானது. அந்தப் பதிப்பகத்தின் வெளியீடுகள் இந்துக்களை மட்டும் தாக்கவில்லை. கத்தோலிக்கர், இஸ்லாமியர், மார்மன்கள், ஃப்ரீமேசன்கள், பரிணாமக் கொள்கையைக் கற்பிக்கும் பேராசிரியர்கள், ராக் இசை கேட்கும் பிள்ளைகள், ஹாலோவீன் கொண்டாடும் வீடுகள் என்று எல்லாரும் அவற்றில் பிசாசின் கையாட்களாகவே வருகிறார்கள். பகடை உருட்டிக் கற்பனைக் கதாபாத்திரங்களாக நடிக்கும் ஒரு விளையாட்டைக்கூட விடாமல், 1984-ல் ‘டார்க் டஞ்ஜன்ஸ்’ என்று தனிக் கைப்பிரதியே போட்டார்கள். இவற்றிலுள்ள வெறுப்பை மென்மையாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தன் சமயத்தை எடுத்துச் சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் அடுத்தவரின் வழிபாட்டை அருவருப்பாக வரைந்து அவர் பிள்ளையின் கையில் கொடுப்பதை அந்த உரிமையின் பெயரால் ஏற்க முடியாது.

அப்படியானால் ஏன் சேர்க்க வேண்டும்? சேர்ப்பவர்கள் பலரிடம் இதே கேள்வி கேட்கப்படுகிறது. அவர்களில் இப்படிப்பட்ட சபைகளில் வளர்ந்து, சிறுவயதில் இந்தப் படங்களைப் பார்த்து இரவில் தூங்க முடியாமல் தவித்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பெரியவர்களான பின் ஆராய்வதற்காகவே அவர்கள் தேடுகிறார்கள். விசுவாசத்தோடு சேர்ப்பவர்கள் உண்டு, ஓவியத்துக்காக மட்டும் சேர்ப்பவர்களும் உண்டு. சமூக வரலாறு எழுதுகிறவர்களுக்கு இவை வேறு வகையில் முக்கியமானவை. ஒரு மதப்பிரிவு தன் உறுப்பினர்களிடம் மேடையில் பேசுவது ஒன்று, முன்பின் தெரியாதவரின் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போவது இன்னொன்று. இரண்டாவதற்குச் சான்று இந்தக் காகிதம் மட்டுமே. நூலகங்கள் புத்தகங்களைத்தான் வாங்கி வைத்தனவே தவிர, தெருவில் கொடுத்த காகிதத்தைப் பெரும்பாலும் யாரும் வரிசைப்படுத்தி வைக்கவில்லை. மோசமானவற்றைக் கிழித்தெறிந்துவிட்டு அழகானவற்றை மட்டும் வைத்திருந்தால், இப்படியெல்லாம் யார் எழுதினார்கள் என்று நாளைக்கு ஒருவர் மறுக்கும்போது எடுத்துக் காட்ட நம்மிடம் எதுவும் இருக்காது. ஆகவே முழுமையாக வைத்திருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

ஆனால் வைத்திருப்பதும் பரப்புவதும் ஒன்றல்ல. மற்றவர் மனத்தைப் புண்படுத்தும் ஒரு படத்தை மட்டும் வெட்டி எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடும் சேகரிப்பாளர், அந்தக் கைப்பிரதியை அச்சிட்டவர் செய்த வேலையைத்தான் இலவசமாகச் செய்து கொடுக்கிறார். சமய உணர்வைத் தீய நோக்கத்தோடு வேண்டுமென்றே புண்படுத்துவதைக் குற்றமாக்கும் பிரிவு நம் தண்டனைச் சட்டத்தில் 1927-லேயே 295-ஏ என்று சேர்க்கப்பட்டது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 299-ஆம் பிரிவாக இருக்கிறது. நீங்கள் கிழித்துப் போட்டது உங்கள் வீட்டு முடிவு, அதில் நான் தலையிட மாட்டேன். அடுத்த முறை இப்படி ஒன்று வீட்டுக்கு வந்தால், மகளிடம் அதில் உள்ள தவறை எடுத்துச் சொல்லிவிட்டு, ஒரு உறையில் போட்டு எனக்கு அனுப்பினால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தபோது, வெளியே நின்ற சிலர் கொடுத்த பிரதியில் கத்தோலிக்கர் கிறிஸ்தவர்களே அல்ல என்றும், இயேசு சபைத் துறவி ஒருவரே சபையின் இரகசியங்களை வெளியிட்டார் என்றும் இருந்தது. அந்தத் துறவியின் கதை உண்மையா? — வாசகர், இராயபுரம்

உண்மையல்ல. அந்தத் துறவி என்று சொல்லிக்கொண்டவர் ஆல்பர்ட்டோ ரிவேரா. தாம் ஸ்பெயினைச் சேர்ந்த இயேசு சபைக் குரு என்றும், சீர்திருத்தச் (புராட்டஸ்டண்ட்) சபைகளுக்குள் நுழைந்து அவற்றை அழிக்க ரோம் தம்மை அனுப்பியது என்றும் அவர் சொன்னதை அப்படியே நம்பி, ஜாக் சிக் 1979-ல் ‘ஆல்பர்ட்டோ’ என்ற பெரிய அளவு வண்ணப் படக்கதையை வெளியிட்டார். அதைத் தொடர்ந்து 1988 வரை மேலும் ஐந்து புத்தகங்கள் வந்தன. கம்யூனிசம், நாசிசம், இஸ்லாம் எல்லாமே வாடிகனின் ஏற்பாடு என்பதுவரை அவற்றில் கதை வளர்ந்துகொண்டே போகிறது.

இதை முதலில் அம்பலப்படுத்தியவர்கள் கத்தோலிக்கர்கள் மட்டுமல்லர் என்பதை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1981-ல் அமெரிக்காவின் சுவிசேஷக் கிறிஸ்தவப் பத்திரிகைகளே ரிவேராவின் கடந்த காலத்தைத் தேடிப் போய், அவர் குருவாக இருந்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றும், பிரம்மச்சரியத் துறவியாக இருந்ததாகச் சொன்ன காலத்தில் மனைவி மக்களோடு வாழ்ந்தார் என்றும், அவர்மீது பண மோசடிப் புகார்கள் இருந்தன என்றும் எழுதின. பல கிறிஸ்தவப் புத்தகக் கடைகள் சிக்கின் வெளியீடுகளை விற்க மறுத்தன. அந்த ஆண்டே அவர் கிறிஸ்தவப் புத்தக விற்பனையாளர் சங்கத்திலிருந்து விலகினார். ரிவேரா 1997-ல் இறந்துவிட்டார். இருந்தும் அவர் சொன்ன கதை இன்னமும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

நற்கருணையைப் பற்றியும் மாதா வணக்கத்தைப் பற்றியும் சீர்திருத்தச் சபைகளுக்கும் உங்கள் திருச்சபைக்கும் நடுவே மெய்யான இறையியல் வேறுபாடுகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேச நல்ல நூல்கள் உண்டு. கொடியேற்றத்துக்கு நடந்தே வந்து களைத்திருக்கும் ஒருவர் கையில் பொய்யான சாட்சியத்தைக் கொடுப்பது அந்தப் பேச்சில் சேராது.

பழைய பிரதி, புதிய பிரதி என்று எப்படி அடையாளம் காண்பது? எல்லாவற்றிலும் பதிப்புரிமை ஆண்டு ஒன்றாகவே இருக்கிறது. — வாசகர், வில்லிவாக்கம்

பதிப்புரிமை ஆண்டை நம்பி ஏமாறாதீர்கள். அது கதை முதலில் வெளிவந்த ஆண்டைக் காட்டுமே தவிர, உங்கள் கையிலிருக்கும் பிரதி அச்சான ஆண்டைக் காட்டாது. சிக் பிரதிகளில் முதலில் பார்க்க வேண்டியது பதிப்பகத்தின் முகவரி. கலிபோர்னியாவின் சீனோ என்ற ஊர்ப் பெயர் இருந்தால் அது முந்தையது, ஆன்டாரியோ என்றிருந்தால் பிந்தையது. இந்த ஆன்டாரியோ கலிபோர்னியாவில் உள்ள ஊர், கனடாவில் உள்ள மாகாணம் அல்ல. அடுத்து, ஒரே தலைப்பின் இரண்டு பிரதிகளைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். மறு அச்சுகளில் உடையும் முகமும் மாறியிருக்கும், சில பக்கங்கள் முழுவதும் புதிதாக வரையப்பட்டிருக்கும். எதிர்ப்புக்குப் பிறகு பதிப்பகமே நிறுத்திவிட்ட தலைப்புகளும் உண்டு. குழந்தை மீதான பாலியல் கொடுமையை ஓர் இரவு ஜெபத்தில் தீர்ந்துவிடும் விஷயம்போல் காட்டிய 1984-ஆம் ஆண்டின் ‘லிசா’ அப்படி நிறுத்தப்பட்டது. அது நிறுத்தப்பட்டதே நல்லது.

தமிழ்ப் பிரதிகளுக்கு நம்மிடமே நல்ல தடயங்கள் இருக்கின்றன. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சானவற்றில் ணா, றா, னா, லை, ளை போன்றவை பழைய கூட்டு வடிவத்திலேயே இருக்கும். ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை: கிறிஸ்தவ அச்சகங்கள் வேதாகம எழுத்து மரபை எளிதில் விடவில்லை, எனவே பழைய வடிவம் இருந்தாலே 1978-க்கு முந்தையது என்று முடிவு கட்ட முடியாது. ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. ‘சென்னை’ என்பது தமிழில் எப்போதும் இருந்த பெயர், அது எதையும் காட்டாது. அதே பிரதியின் ஆங்கில முகவரியில் ‘மெட்ராஸ்’ என்றிருந்தால் பெரும்பாலும் 1996-க்கு முந்தையது. எட்டு இலக்கத் தொலைபேசி எண் இருந்தால் 2000-க்குப் பிந்தையது. காகிதத்தின் பின்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். எழுத்து அழுந்திய மேடு தட்டுப்பட்டால் அது ஈய எழுத்துக் கோத்த அச்சு, வழவழப்பாக இருந்தால் ஆஃப்செட்.

இவை எல்லாவற்றையும்விட நான் மதிப்பது பின்னட்டையில் விடப்பட்டிருக்கும் வெற்றிடத்தை. உள்ளூர்ச் சபை தன் முகவரியை முத்திரையாகக் குத்திக்கொள்ளவே அந்த இடம். ஊதா மையில் கோணலாக விழுந்த அந்த ரப்பர் ஸ்டாம்ப், கலிபோர்னியாவில் வரைந்த கதையை ஓட்டேரியிலோ காசிமேட்டிலோ ஒரு கூரைச் சபையோடு இணைக்கிறது. ஆராதனை நேரம், பாஸ்டரின் பெயர், ‘பஸ் ஸ்டாப் எதிரில்’ என்ற அடையாளம் எல்லாம் அதில் இருக்கும். அந்தச் சபை இன்றைக்கு இல்லாமல் போயிருக்கலாம், அது இருந்ததற்கு வேறு பதிவு எங்குமே இல்லாமலும் இருக்கலாம். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் முத்திரையில்லாத சுத்தமான பிரதியைத்தான் விரும்புவார்கள். நீங்கள் முத்திரையுள்ளதையே தேடுங்கள்.

சென்னையில் இந்தக் கைப்பிரதி வழக்கம் அமெரிக்காவிலிருந்துதான் வந்ததா? — வாசகர், வேப்பேரி

உங்கள் பேட்டையிலிருந்தே பதிலைத் தொடங்கலாம். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய அச்சு இயந்திரம், வேப்பேரியில் இருந்த லுத்தரன் மிஷனரி பப்ரிசியஸிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசாங்கத்தின் வேலையையும் அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்கும் முன்பே, 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அங்கே அச்சகம் நிறுவித் தமிழில் சிறு நூல்களை அச்சிட்டுக் கொடுத்தார். சென்னையில் கைப்பிரதிகளுக்கென்றே 1818-ல் ஒரு சங்கம் தோன்றியது. மிஷனரி ஜான் மர்டாக்கின் முயற்சியில் 1858-ல் தொடங்கப்பட்ட கல்விச் சங்கம்தான் பின்னாளில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் என்று பெயர் பெற்றது. பார்க் டவுனில் அந்தச் சங்கத்தின் சி.எல்.எஸ். கடைக்குப் போய் வந்த வாசகர்கள் இங்கே பலர் இருப்பார்கள். அச்சான தமிழ் நூல்களுக்கெல்லாம் 1865-ல் பட்டியல் தயாரித்தவரும் அந்த மர்டாக்தான். கைப்பிரதி ஊழியத்துக்காகச் செய்த அந்தப் பட்டியல் தமிழ் அச்சு வரலாற்றுக்கே அடிப்படை ஆவணங்களில் ஒன்றாக நிற்கிறது.

இதற்கு வந்த பதிலடியும் கைப்பிரதி வடிவத்திலேயே வந்தது. 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியர்கள் தடையின்றி அச்சகம் வைத்துக்கொள்ள வழி பிறந்தது. பெர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்பில் உடனிருந்து உழைத்த ஆறுமுக நாவலர், 1849-ல் சென்னைக்கு வந்து அச்சு இயந்திரம் வாங்கிச் சென்றார். 1854-ல் அவர் வெளியிட்ட ‘சைவ தூஷண பரிகாரம்’ மிஷனரிகளின் துண்டு நூல்களுக்கு அவர்களுடைய வேதாகமத்தையே சான்று காட்டிப் பதில் சொல்லியது. சைவ வழிபாட்டில் இருப்பதாக அவர்கள் பழித்த சடங்குகள் பழைய ஏற்பாட்டிலும் இருக்கின்றன என்று வசனம் வசனமாக எடுத்து வைத்த அந்த வாதத்துக்கு, அதே நூலை வரிக்கு வரி மொழிபெயர்த்த பயிற்சி அவருக்குக் கை கொடுத்தது. 1880-களில் சென்னை நாத்திகர்கள் ‘தத்துவ விவேசினி’ இதழை நடத்தினார்கள். 1887-ல் இந்து டிராக்ட் சொசைட்டி தோன்றி, மிஷனரிகள் பிரசங்கம் செய்த அதே சந்திகளில் தன் பிரதிகளைக் கொடுத்தது. பார்க் டவுன் பக்கம் குஜிலிக் கடைகளில் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்துப் பார்த்தால், மலிவுக் காகிதத்தில் அச்சடித்து வழிப்போக்கரின் கையில் சேர்ப்பது இந்த நகரத்துக்குப் புதிதாக யாரும் கற்றுக் கொடுக்க வேண்டிய வித்தையாக இருக்கவில்லை என்பது விளங்கும். சிக் கொண்டு வந்தது, கட்டங்கட்டமாக நகரும் முழுநீளப் படக்கதை என்ற வடிவத்தைத்தான். முத்து காமிக்ஸ் 1972-ல் வந்து இரும்புக்கை மாயாவியைத் தமிழ்ப் பிள்ளைகள் துரத்திப் படித்த காலத்தில் அந்த வடிவமும் இங்கே சரளமாகப் படிக்கப்பட்டது.

ஆகவே வேப்பேரி வாசகருக்கு என் வேண்டுகோள்: படக்கதைகளோடு நிறுத்திக்கொள்ளாமல், படமில்லாத பழைய தமிழ்க் கைப்பிரதிகளையும் சேருங்கள். அயல்நாட்டுச் சேகரிப்பாளர் எவருக்கும் கிடைக்காத செல்வம் அது.

கடற்கரைக்கு அருகில் வீடு. பிரதிகள் பழுத்து, அவற்றின் கம்பிப் பின் துருப்பிடிக்கிறது. லேமினேட் செய்துவிடலாமா? — வாசகி, திருவான்மியூர்

லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். அந்தச் சூடும் பசையும் காகிதத்தோடு ஒன்றிவிட்டால் பிறகு எந்த நிபுணராலும் பிரிக்க முடியாது, உள்ளே இருக்கும் அமிலமும் அங்கேயே தங்கித் தன் வேலையைத் தொடரும். செல்லோ டேப்பும் அப்படித்தான். சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும்.

முதலில் துருவைக் கவனியுங்கள். கைப்பிரதியை நடுப்பக்கத்தில் திறந்து, மடங்கியிருக்கும் கம்பியின் இரண்டு நுனிகளையும் மெல்லிய தட்டையான ஒரு தகட்டால் மெதுவாக நிமிர்த்தி, பின்புறமாக வெளியே எடுங்கள். இழுக்காதீர்கள், துருப்பிடித்த இடத்தில் காகிதம் பொடிப்பொடியாக இருக்கும். எடுத்த பிறகு, அதே துளைகளின் வழியாக வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து முடிச்சுப் போட்டுவிடலாம், அல்லது தைக்காமலே பக்க வரிசையில் ஒரு மடித்த தாளுக்குள் வைக்கலாம். துருக் கறையை எலுமிச்சைச் சாறு போட்டு எடுக்க முயல வேண்டாம்.

உறைக்குப் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். மளிகைக் கடைப் பிளாஸ்டிக் பையும், வாடை அடிக்கும் பிவிசி ஃபைலும் ஆகாது. உறையின் வாயை முழுவதுமாக மூடாதீர்கள், உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். பெட்டியைச் சுவரோடு ஒட்டியும் தரையிலும் வைக்காமல், அறையின் உட்புறத்து அலமாரியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து, ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் அந்தப் பைகளை அடிக்கடி மாற்றுங்கள். இராமபாணப் பூச்சிக்கு நம் பெரியவர்கள் வைத்த வசம்பை ஒரு துணியில் முடிந்து பெட்டி மூலையில் வைப்பதில் தவறில்லை, காகிதத்தின் மேலே நேராகப் படக்கூடாது. எப்படியும் மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

இவற்றுக்கு நல்ல விலை கிடைக்குமா? — வாசகர், அம்பத்தூர்

விற்கும் எண்ணத்தில் சேர்க்க வேண்டாம். இலவசமாகக் கொடுக்கப்பட்ட பொருளுக்கு நம் ஊரில் நிலையான சந்தை கிடையாது. அமெரிக்காவில் அச்சில் இல்லாத சில தலைப்புகளுக்கு நல்ல விலை உண்டுதான், ஆனால் 10,000 பிரதிகள் எடுத்துக்கொள்ள யாராவது முன்வந்தால் அச்சு நின்றுபோன தலைப்புகளையும் மறுபடி அடித்துக் கொடுப்பது அந்தப் பதிப்பகத்தின் வழக்கம். இன்றைக்கு அரிதாக இருப்பது நாளைக்குக் கட்டுக்கட்டாக வந்து இறங்கலாம்.

எங்கள் சபையில் வாலிபர்கள் சேர்ந்து சனிக்கிழமைதோறும் கைப்பிரதி ஊழியத்துக்குப் போகிறோம். நாங்கள் கொடுப்பவையும் சேர்த்து வைக்கத் தக்கவையா? பிற்காலத்தில் யாரிடம் ஒப்படைப்பது? — வாசகர், தாம்பரம்

நிச்சயமாகச் சேர்த்து வைக்கத் தக்கவை. உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு வெளியிலிருந்து சேகரிக்கும் எங்களைப் போன்றவர்களுக்குக் கிடையாது. எந்த அச்சகம், எத்தனை பிரதிகள், காகிதத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள், எந்தத் தலைப்பு ஜனங்களிடம் எடுபட்டது, எதை வாங்கிய உடனே கீழே போட்டார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு கைப்பிரதியிலும் இரண்டு பிரதிகளை மடிக்காமல் எடுத்து வையுங்கள். தேதியையும் கொடுத்த இடத்தையும் தனிச் சீட்டில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள், பிரதியின் மேலேயே பேனாவால் எழுத வேண்டாம். வாங்கிக்கொண்டவர்களின் பெயரையோ தொலைபேசி எண்ணையோ அந்தச் சீட்டில் குறிக்கக் கூடாது. அவர்கள் ஒரு காகிதத்தை வாங்கிக்கொண்டார்களே தவிர, ஒரு சேகரிப்பில் இடம்பெறச் சம்மதிக்கவில்லை. மயிலாப்பூர் வாசகியின் கடிதத்தையும் உங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒருமுறை படித்துக் காட்டுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

ஒப்படைப்பதைப் பொறுத்தவரை, 1994 முதல் இயங்கிவரும், இப்போது தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை முதலில் அணுகுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நிறுத்தாமல் அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் முதலியவற்றையும் சேர்த்தவர் என்பதால், துண்டுக் காகிதத்தின் அருமை தெரிந்த இடம் அது. கீழ்ப்பாக்கம் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியிலும், பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்திலும் விசாரிக்கலாம். நேரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன், தலைப்பு, மொழி, அச்சகம், முத்திரை, கிடைத்த இடம் ஆகியவற்றைக் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்து அனுப்புங்கள். முன்னட்டை, பின்னட்டை இரண்டையும் குறைந்தது 300 டிபிஐ அளவில் ஸ்கேன் எடுத்துப் பட்டியலோடு இணைத்தால், எதை ஏற்றுக்கொள்ள முடியும் என்பதை அவர்கள் விரைவில் சொல்லிவிடுவார்கள்.